விருந்தினர் வரி பாடுறவைக்கு

வணக்கம் உறவுகளே. எங்கடை அக்கான்ரை ராப் பாட்டிலை விருந்தினராய் வரி பாடுற உங்களுக்குத்தான் இது. அமெரிக்க ராப் பாடகி எம்.சி. லைட் 2024இல் விட்ட ‘ஒன் ஆஃப் ஒன்’ ஆல்பத்தைக் கட்டாயம் கேளுங்கோ. 1988இல் முதல் ஆல்பம் தந்தவ. பாடகர் ஸ்டீவி வொண்டரும் ராப் பாடகர் கொமனும் சேர்ந்த பாட்டிலையும் அவவின்ரை குரல் அமுங்கேல்லை. எங்கடை அக்கான்ரை பாட்டிலையும் அப்பிடித்தான் இருக்கவேணும்.

உங்கடை பங்கு 16 பார் (ஒரு பாருக்கு நாலு தாள அடி). 90 பிபிஎம்மில், அதாவது நிமிசத்துக்கு 90 அடி வேகத்தில், ஏறத்தாழ 43 செக்கன். பீற் (பின்னணித் தாள இசை) தொடங்கிற இடத்திலையிருந்தே பதிஞ்சு, முன்பக்கம் வெட்டாமல் அனுப்புங்கோ. வெட்டினால் குரலைப் பொருத்தவே அரைநாள் போகும். ஹெட்போன் கட்டாயம், பீற் மைக்குக்குள்ளை ஏறினால் பிறகு சுத்தமாய்ப் பிரிக்கேலாது. எதிரொலி போடாதேங்கோ. பதிவிலை குரலின்ரை உச்ச அளவு மைனஸ் 6 டெசிபெல்.

வொய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம், குரலை நசுக்கிப்போடும். 24 பிட் வேவ் (WAV, நசுக்காத ஒலிக்கோப்பு) கோப்பை டொக்கியூமென்றாய் அனுப்புங்கோ.

தகரக் கூரை வீடெண்டால் மழை விட்டாப்பிறகும் பொறுங்கோ, தாவாரம் சொட்டுறதும் மைக்கிலை விழும். கிளிநொச்சியிலை ஏ9 பெருந்தெருக் கரையிலை இருக்கிறவை வாகனச் சத்தம் குறைஞ்ச இரவிலை எடுங்கோ.