மமாடி கெய்ட்டாவின் வகுப்பறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்கு ஆப்பிரிக்கக் கைமுரசான ஜெம்பேயை வாசித்த கினி நாட்டுக் கலைஞர் மமாடி கெய்ட்டாவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவருடைய மேடைகளையும் கைவேகத்தையும் நிறைவாகச் சொல்லியிருந்தது. ஆனால் ஐரோப்பாவில் அவர் செய்த பெரிய வேலை கற்பித்தல். அது ஒரே வரியில் முடிந்துவிட்டது.

1950இல் பாலண்டுகு கிராமத்தில் பிறந்தவர், 14 வயதில் ஜோலிபா தேசிய நடனக் குழுவுக்குத் தேர்வானார். பின்னர் ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜான் நகருக்குப் போய், அங்கிருந்து 1988இல் பிரசெல்ஸ் வந்தார். 1991இல் அங்கே 'டாம் டாம் மாண்டிங்' பள்ளியைத் தொடங்கினார்.

அவர் ஊரில் ஜெம்பேயை யாரும் எண்ணிக் கற்பதில்லை. வயல் வேலைக்குக் 'காசா' தாளம், விருத்தசேதனச் சடங்குக்குச் 'சோலி' தாளம் என்று பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்கிறார்கள். வார இறுதியில் மட்டும் வரும் ஐரோப்பிய மாணவருக்கு அந்தக் காது கிடையாது. அதனால் தாளத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முதலில் மூன்று ஒலிகள்: நடுத்தோலில் உள்ளங்கை விழுந்தால் பாஸ், விரல்களைச் சேர்த்து விளிம்பருகே அடித்தால் டோன், விரல்களைத் தளர்த்தி நுனி தெறித்து எழும்பினால் ஸ்லாப். புதியவர்கள் ஸ்லாப்பைப் பலத்தால் வரவழைக்கப் பார்ப்பார்கள். கை இறுகியதும் ஒலி மங்கிவிடும், கட்டைவிரல் விளிம்பில் மோதி வீங்கும்.

அடுத்தது துணைத்தாளம், அதாவது முதன்மை வாசிப்புக்குப் பின்னணியாகத் திரும்பத் திரும்ப வரும் அடி. மிகவும் பரவலான ஒன்றை எட்டு மாத்திரையாக எண்ணினால், 1, 4இல் ஸ்லாப், 6, 7இல் டோன், மற்றவை வெற்று. எளிதாகத் தெரியும். ஆனால் வேகம் கூடும்போது 6, 7 இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது பாட்டே நொண்டும்.

கட்டுரையில் துனுன் இல்லாதது எனக்குப் பெரிய குறை. துனுன் என்பது ஜெம்பேயோடு கோலால் வாசிக்கும் முரசுகள். கென்கெனி, சங்பான், துனுன்பா என்ற அந்த மூன்று மாட்டுத்தோல் முரசுகளில் நடுவிலுள்ள சங்பானை வைத்துத்தான் இது எந்தத் தாளம் என்று அடையாளம் காண்பார்கள். ஊரில் முரசுக்கு ஓர் ஆள். ஒரு கையில் கோல், மறு கையில் மணி. ஐரோப்பிய வகுப்புகள் பலவற்றில் மூன்றையும் நிமிர்த்தி வைத்து ஒருவரே வாசிக்கிறார், மணி போய்விடுகிறது. நடன மேடைக்கு அது பொருந்தும். தாளத்தைக் கற்க அது போதாது.

தீயில் காய்ச்சிச் சுருதி கூட்டுவதாகக் கட்டுரை சொல்கிறது. பறையைப் போல ஜெம்பேயையும் காய்ச்சியது பழைய முறை. இப்போது ஆட்டுத்தோலை இரும்பு வளையங்களும் நீளாத பாலியஸ்டர் கயிறும் பிடிக்கின்றன. குறுக்குக் கயிறு இரண்டிரண்டு நெடுங்கயிறுகளைப் பின்னி இழுக்கும்போது சாய்சதுரக் கண்ணி விழும். கண்ணிக்குக் கண்ணி சுருதி ஏறும். ஒரு சுற்று முடிந்தும் சுருதி தாழ்ந்தே இருந்தால் நெடுங்கயிறுகள் தளர்ந்துவிட்டன என்று பொருள். கண்ணிகளை அவிழ்த்து, நெடுங்கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குச் சோம்பி மேலே மேலே பின்னினால் வளையம் ஒரு பக்கம் சாயும், கயிறும் அறும்.

பிரசெல்ஸ் போன்ற ஊரில் குளிர்காலம்தான் தோலுக்குச் சோதனை. வெளியே ஈரம், தோல் தொய்ந்து ஸ்லாப் செத்துப்போகும். அறைக்குள் சூடாக்கியின் வறட்சி, தோல் சுருங்கிச் சுருதி தானே ஏறும். வெளியே தொய்ந்ததைப் பார்த்துக் கயிறை இறுக்கிவிட்டு, இரவு சூடாக்கியருகே வைத்தால் காலையில் தோல் விளிம்போரமாகக் கிழிந்திருக்கும். மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பே கருவியை அரங்கத்துக்குள் கொண்டுபோய், அந்தக் காற்றுக்குத் தோல் பழகிய பிறகே கயிற்றில் கை வைக்க வேண்டும்.

தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்