கடலடிக் கம்பி யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க - சீனப் போட்டி பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சிப் தயாரிப்பு, தைவான், ஏற்றுமதித் தடை எல்லாம் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் எதையும் முதலில் கண்டுபிடிக்கும் நாடே உலகை ஆளும் என்று கட்டுரை முடிவதுதான் எனக்கு ஒப்பவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன் நான். கண்டுபிடித்தவரைவிட, செய்தி போகும் பாதையைப் பிடித்து வைத்திருப்பவருக்கே பலம் என்பதற்கு எங்கள் தொழிலின் வரலாறே சாட்சி.

கடலில் தந்திக் கம்பி போட வேண்டுமானால் உப்புத் தண்ணீர் உள்ளே புகாத உறை வேண்டும். மலாயாக் காட்டு மரங்களில் வடியும் கட்டாபெர்ச்சா என்ற பால்தான் அதற்கு உதவியது. அந்தப் பாலைக் கம்பியின் மேல் இணைப்பில்லாமல் போர்த்தும் இயந்திரத்தை 1847இல் உருவாக்கியவர் ஜெர்மானியரான வெர்னர் சீமென்ஸ். ஆனால் சரக்கு வரும் சிங்கப்பூர்த் துறைமுகமும், கம்பி செய்யும் தொழிற்சாலைகளும், அதைக் கடலில் இறக்கும் கப்பல்களும் பிரிட்டனிடம் இருந்தன. 1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாக லண்டனுக்குக் கம்பி போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் போட்டுவிட்டார்கள்.

அதோடு ஆட்சி நடத்தும் முறையும் மாறிப்போனது. கடிதம் கப்பலில் போய்ப் பதில் வருவதற்குள் இங்கிருந்த கவர்னர் ஜெனரல் தன் விருப்பப்படி ஒரு போரையே தொடங்கிவிட முடிந்த காலம் உண்டு. கம்பி வந்தபின் லண்டனில் இருந்த, இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரி அன்றாடம் தலையிட்டார். பருத்தித் துணி வரியிலும் ஆப்கானிஸ்தான் விவகாரத்திலும் மந்திரி சாலிஸ்பரியோடு மல்லுக்கட்டிய வைஸ்ராய் நார்த்புரூக் 1876இல் பதவியை விட்டே போனார். யார் முடிவெடுப்பது என்பதைக்கூட ஒரு கம்பி இடம் மாற்றி வைத்துவிடுகிறது.

1902இல் பசிபிக் கம்பியும் முடிந்தபோது, பிரிட்டிஷ் மண்ணை மட்டுமே தொட்டு உலகைச் சுற்றிவரும் தந்தி வளையம் முழுமை பெற்றது. அதன் பயன் 1914 ஆகஸ்ட் 5 அன்று விடிவதற்குள் தெரிந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனி மீது போர் அறிவித்த சில மணி நேரத்தில் அலர்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் ஜெர்மனியின் ஐந்து கம்பிகளையும் தூக்கி வெட்டிப் போட்டது. ஜெர்மனி திருப்பியடிக்காமல் இல்லை. அந்த செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை நாம் இன்றும் பேச்சில் வைத்திருக்கிறோம். அதன் முடிவைத்தான் மறந்துவிட்டோம். நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கப் போனபோதுதான் எம்டன் மாட்டியது. விசித்திரக் கப்பல் ஒன்று நுழைகிறது என்று அந்த நிலையத்து ஊழியர்கள் அனுப்பிய அபாயச் செய்தியைக் கேட்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்து அதை நொறுக்கியது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஊழியர்களை என் சகாக்களாகவே நினைத்துக்கொள்கிறேன்.

சொந்தக் கம்பி இல்லாத ஜெர்மனி பிறகு அமெரிக்காவின் தூதரகக் கம்பியில் ஒண்டிக்கொண்டது. 1917 ஜனவரியில் வெளியுறவு மந்திரி சிம்மர்மான் மெக்சிகோவுக்கு அனுப்பிய ரகசியச் செய்தியும் அப்படித்தான் போனது. அமெரிக்காவிடம் இழந்த டெக்சாஸ் முதலிய பகுதிகளை மீட்டுக்கொள்ள உதவுகிறோம், எங்களோடு சேருங்கள் என்று அதில் இருந்தது. அமெரிக்காவின் அந்தக் கம்பி லண்டன் வழியாகப் போனதால் பிரிட்டிஷ் உளவுத்துறை அதைப் பிடித்து உடைத்துப் படித்தது. விஷயம் அமெரிக்காவுக்குத் தெரியவந்தபின், ஏப்ரலில் அமெரிக்காவே ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கிவிட்டது.

இன்றும் நாடுகளுக்கிடையிலான இணையப் போக்குவரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கடலடிக் கம்பியில்தான் போகிறது. செம்புக் கம்பி கண்ணாடி இழையானதுதான் மாற்றம். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை போகும் சீ-மீ-வீ 6 என்ற கம்பித் திட்டத்துக்குச் சீனாவின் எச்எம்என் டெக் நிறுவனம் குறைந்த விலை கேட்டிருந்தும், அமெரிக்க அரசின் நெருக்குதலுக்குப் பின் 2022இல் ஒப்பந்தம் அமெரிக்காவின் சப்காம் நிறுவனத்துக்குப் போனது. அந்தக் கம்பி நம் சென்னையிலும் கரையேறுகிறது. 2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குப் போகும் இரண்டு கம்பிகளும் ஒரே வாரத்தில் அறுந்தன; சீன மீன்பிடிக் கப்பல் ஒன்றும் சரக்குக் கப்பல் ஒன்றும்தான் காரணம் என்று சந்தேகம் எழுந்தது. பழுதுநீக்கும் கப்பலுக்கு ஏறக்குறைய ஐம்பது நாள் காத்துக்கிடந்தார்கள் அந்த மக்கள்.

எனக்குப் பயம் இந்த இடத்தில்தான். நான் வேலை பார்த்த காலத்தில் புயலில் லைன் போய்விட்டால் கலெக்டர் ஆபீஸிலிருந்து வருபவரும் கருவாட்டு வியாபாரியும் எங்கள் கவுன்டரில் ஒன்றாகத்தான் நிற்பார்கள். ஏணியும் கம்பியுமாக லைன்மேன் கிளம்பிவிட்டார் என்றால்தான் எங்களுக்கு மூச்சு வரும். அவர் நம் ஆள், கூப்பிட்டால் வருவார். 2022 முடிவில் இந்தியாவில் மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய ஐந்து நகரங்களில் 17 பன்னாட்டுக் கம்பிகள் கரையேறின. பழுது பார்க்க வெளிநாட்டுக் கப்பல்களை நம்பியிருக்கும் நிலையை மாற்ற, இந்தியக் கொடியோடு கப்பல்கள் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 ஜூனில் யோசனை சொன்னது. கம்பிகளைக் காக்க 1884இல் பாரிஸில் செய்த உடன்படிக்கையோ, போரிடும் நாடுகளின் கையை எங்கள் விதிகள் கட்டாது என்று தன் 15ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறது.

சிப் தொழிற்சாலைக்கு அரசு பல ஆயிரம் கோடி ஒதுக்குவதை மனதார வரவேற்கிறேன். அதே அக்கறையோடு இந்தக் கப்பல்களைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டும். போர்க்காலத்தில் நம் கம்பி அறுந்தால் எந்தத் துறைமுகத்திலிருந்து, யார் உத்தரவில், எத்தனை நாளில் கப்பல் வரும் என்பதை விசாரித்து வெளியிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர்,
தூத்துக்குடி.