பழுப்பு வளையம்

பாளையங்கோட்டை

அன்புள்ள சேக்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. இன்லேண்ட் லெட்டரின் மடிப்பு ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுகிற பழக்கம் உன்னை விட்டுப் போகவே போகாது போலிருக்கிறது. கடைசி நாலு வரியைக் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் வைத்துத்தான் படித்தேன். மதினிக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பிசியோதெரபியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல். வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திய ஆட்களை இங்கே தெருவுக்கு ரெண்டு பேர் காட்டுவேன்.

இங்கே ஆனித் தேர் முடிந்தது. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறதாம். பாளையில் வழக்கம்போல வெறும் காற்றுதான். வாசல் தெளித்துக் கோலம் போட்ட கொஞ்ச நேரத்தில் கோலம் எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். பேத்தியை பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் சேர்த்துவிட்டு, "காலேஜுக்குப் போனால் பிள்ளை சொந்தமாக யோசிக்கக் கத்துக்குமா, இல்லை மூணு வருஷத்துக்கு பஸ் பாஸ் வாங்கினதுதான் மிச்சமா?" என்று எழுதியிருக்கிறாய். ஆயுள் முழுக்க கெமிஸ்ட்ரி லேபில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? ரெண்டு வரியில் சொல்லிவிட முடியாது.

சால்ட் அனாலிசிஸ் உனக்கு நினைவிருக்கும், பெயர் சொல்லாமல் ஒரு உப்பைக் கொடுத்து அது என்ன உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்களே. ரெக்கார்டு நோட்டில் மூன்று கட்டம் போடுவோம்: சோதனை, காண்பது, அறிவது. செய்ததை ஒன்றில், கண்ணால் கண்டதை அடுத்ததில், அதிலிருந்து என்ன தெரிகிறது என்பதைக் கடைசியில் எழுத வேண்டும். யோசித்துப் பார், ஒரு மனுஷனுக்கு ஒழுங்காகச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல படிவத்தை யாரால் செய்துவிட முடியும்? கண்டது வேறு, அதிலிருந்து நாம் முடிவு கட்டுவது வேறு என்று நடுவில் ஒரு கோடே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க எங்கள் பிள்ளைகள் அந்தக் கட்டங்களைக் கடைசியிலிருந்து முதலுக்கு நிரப்பினார்கள். பிராக்டிகல் பரீட்சைக்கு முதல் நாளே அட்டெண்டருக்கு டீக்காசு போய்விடும். எந்த நம்பர் பாட்டிலில் என்ன உப்பு என்பது லேபுக்குள் நுழையும் முன்பே தெரிந்துவிடும். உப்பு தெரிந்தபின் 'அறிவது' முதலில் எழுதப்படும். அதற்குத் தோதாக என்ன கண்டிருக்க வேண்டுமோ அது 'காண்பது' கட்டத்தில் ஏறும். சோதனையை நேரம் இருந்தால் செய்வார்கள்.

ஒரு வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாட்டில், ரிஜிஸ்டர்படி பேரியம் நைட்ரேட். ஸ்டோரில் நிரப்பும்போது பக்கத்துத் தட்டில் இருந்த பேரியம் குளோரைடைப் போட்டுவிட்டார்கள். ரெண்டும் வெள்ளை, பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்த உப்பு வந்த பிள்ளைகள் எல்லோரும் அழகாக எழுதியிருந்தார்கள்: புதிதாகக் கரைத்த பெரஸ் சல்பேட், சோதனைக் குழாயின் பக்கவாட்டில் அடர் கந்தக அமிலம், ரெண்டும் சேருமிடத்தில் பழுப்பு வளையம், எனவே நைட்ரேட். ஒருவன் வளையத்தைக் கலர் பென்சிலால் வரைந்தே வைத்திருந்தான்! குளோரைடில் எங்கேயிருந்து வே வரும் பழுப்பு வளையம்?

ஒரே ஒரு பிள்ளை மட்டும் 'வளையம் வரவில்லை' என்று எழுதியிருந்தாள். சில்வர் நைட்ரேட் ஊற்றினால் தயிர் மாதிரி வெள்ளை வீழ்படிவு, அது அம்மோனியாவில் கரைகிறது, எனவே குளோரைடு. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கூப்பிட்டார்.

"எல்லாருக்கும் வந்துருக்கு. உனக்கு மட்டும் ஏம்மா வரல?"

"தெரியல சார். ரெண்டு தடவ செஞ்சேன். வரல."

"சரியாச் செஞ்சியா?"

"வேணும்னா மறுபடியும் செய்யுதேன் சார். வராது."

அந்த 'வராது' என்பதை அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. நல்ல மனுஷர், அவரே எழுந்து வந்து செய்து பார்த்தார். வரவில்லை. ரிஜிஸ்டரை அடித்துத் திருத்தி அவளுக்கு முழு மார்க் போட்டார். மற்றவர்களுக்கும் போட்ட மார்க் போட்டதுதான். "பாட்டில் நம்ம தப்பு, பிள்ளைகளை என்ன செய்ய?" என்று விட்டுவிட்டார். அதாவது கண்டதை எழுதினாலும் முழு மார்க், காணாததை எழுதினாலும் முழு மார்க். அவர்கள் அன்றைக்கு எங்களிடமிருந்து கற்றுக்கொண்டது என்ன என்று நினைக்கிறாய்?

அவள் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறவர். பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, கழிவு என்று கடைக்காரர் எடுத்துப் போடுவதை எண்ணிப் பார்த்து, "இது எப்படிக் கழிவு?" என்று கேட்பது சின்ன வயதிலிருந்து இவள் வேலையாம். அந்த 'வரல சார்' எங்கள் லேபில் முளைத்ததா, பீடிக் கடைத் திண்ணையில் முளைத்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் எதிரே நிற்பவர் எக்ஸாமினர் என்று தெரிந்தும் அதைச் சொல்ல ஒரு இடம் அவளுக்குக் காலேஜில் கிடைத்தது. வீட்டிலோ தெருவிலோ பெரிய மனுஷரைப் பார்த்து அப்படிச் சொல்ல நம் ஊரில் விடுவார்களா?

கதை இதோடு முடிந்தால் காலேஜுக்குச் சாதகமாக இருக்கும். இன்னும் இருக்கிறது. இப்போது அவள் ஒரு ஸ்கூலில் டீச்சர். பழைய மாணவர்கள் வாட்ஸப் குழுவில் அவளும் இருக்கிறாள். நம் தேசிய கீதத்தை உலகத்திலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக வருஷக்கணக்கில் ஒரு புரளி சுற்றுகிறதே, அதை ஒரு சுதந்திர தினத்துக்கு மூன்று கொடி, நாலு கும்பிடோடு அனுப்பியது யார் என்கிறாய்? அவளேதான்! "யுனெஸ்கோ எங்கம்மா அறிவிச்சுது?" என்று கேட்டேன். "எல்லாரும் போட்டிருக்காங்களே சார்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆச்சரியம் வரவில்லை. இலத்தீனும் ஜியோமெட்ரியும் படித்தால் மூளையே பொதுவாகக் கூர்மையாகிவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1901இலேயே தார்ன்டைக், உட்வொர்த் என்ற ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, ஒன்றில் பழகிய திறமை இன்னொன்றுக்கு நினைத்த அளவுக்குத் தாவுவதில்லை என்று காட்டினார்கள். உப்பில் ஏமாறாதவள் வாட்ஸப்பில் ஏமாறுகிறாள். உப்பு அவள் கை வைத்துப் பார்த்த விஷயம்.

படிக்காதவர்கள்தான் உண்மையான அறிவாளிகள் என்று நீ அடிக்கடி பாடுகிற பாட்டும் எனக்கு ஒத்துவராது. என் மைத்துனரை உனக்குத் தெரியும். எட்டாங்கிளாஸ். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறார். புது மருந்து என்று கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் ஒரு வயலில் அடிப்பார், பக்கத்து வயலை அடிக்காமல் விடுவார். அறுப்புக்குப் பிறகுதான் பேசுவார். ஆராய்ச்சி செய்கிற ஆட்கள் செய்வதும் இதைத்தானே. அந்த மனுஷர்தான் ஈமு கோழி வளர்ப்பு மோசடி வந்த நேரத்தில் மனைவி நகையை வைத்துப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டினார். முட்டையை யார் வாங்குவார்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் நின்று அவரை உற்சாகப்படுத்தியது எம்.காம். படித்த என் சகலை.

பேத்தி விஷயமாக நீ பத்திரிகையில் படித்ததாகச் சொன்ன ஆய்வு 2021இல் வந்ததாக இருக்க வேண்டும். இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா நாலு நாட்டிலும் கம்ப்யூட்டர் சயின்ஸும் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கும் படிக்கிற பல்லாயிரம் பிள்ளைகளைச் சோதித்தார்கள். நாலு வருஷப் படிப்பில் அமெரிக்கப் பிள்ளைகளைப்போல மற்ற மூன்று நாட்டுப் பிள்ளைகளின் ஆராய்ந்து சிந்திக்கும் திறன் வளரவில்லை என்று வந்தது. நம் பிள்ளைகள் முதல் ரெண்டு வருஷத்தில் பாடத்தில் முன்னேறியிருக்கிறார்கள். அதாவது வகுப்பில் தூங்கவில்லை, சொன்னதைப் படித்திருக்கிறார்கள். கேள்வி கேட்கத்தான் யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவைப் பார்த்தும் ரொம்ப வாயைப் பிளக்க வேண்டாம். 2011இல் ஆரம், ரோக்ஸா என்ற ரெண்டு பேர் 24 கல்லூரிகளில் 2,300 பேருக்கு மேல் பார்த்தார்கள். முதல் ரெண்டு வருஷத்தில் 45 சதவீதம் பேருக்குச் சொல்லும்படியான முன்னேற்றமே இல்லை. வாரம் 40 பக்கத்துக்கு மேல் படிக்கவும், ஒரு செமஸ்டரில் 20 பக்கத்துக்கு மேல் எழுதவும் வைத்த பாடங்களை எடுத்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள் என்பது அதில் எனக்குப் பிடித்த இடம். படித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். நம் பிள்ளைகள் எழுதாத பக்கமா? ரெக்கார்டு, அசைன்மென்ட், அப்ஸர்வேஷன் நோட்டு என்று விரல் வீங்க எழுதுகிறார்கள். எல்லாம் சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்கு. பரீட்சையிலும் பத்து ஒரு மார்க், அஞ்சு அஞ்சு மார்க், அஞ்சு எட்டு மார்க், ஆக 75. ஒவ்வொரு எட்டு மார்க்குக்கும் 'அல்லது' உண்டு. யூனிட்டுக்கு ரெண்டு கேள்வியை நெட்டுருப் போட்டால் கரையேறிவிடலாம். வேல்யூவேஷன் கேம்ப்பில் கட்டுக் கட்டாக விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், ஒருவன் சொந்தமாக யோசித்து எழுதியிருந்தால் அதைப் படித்து முடிவு செய்ய எங்களுக்கு நேரம் கிடையாது. கீவேர்டு இருக்கிறதா, அடிக்கோடு இருக்கிறதா, அடுத்த தாள்.

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் வேறொன்று. நம் பல்கலைக்கழகத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள்? மனோன்மணீயம் சுந்தரனார். எல்லாப் பிள்ளைகளுக்கும் தமிழ்த்தாய் வாழ்த்து தெரியும், அது அவர் 1891இல் வெளியிட்ட நாடகத்தில் வருவது என்பதும் ஒரு மார்க் கேள்விக்குத் தெரியும். அவர் நெல்லையில் இப்போதைய இந்துக் கல்லூரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர், அப்புறம் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். அந்தக் காலத்தில் தமிழ் ஆராய்ச்சி என்றால் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் சொன்னதுதான் பெரிய சொல். ஞானசம்பந்தர் காலத்தை 13ஆம் நூற்றாண்டு வரைக்கும் இறக்கி வைத்திருந்தார் கால்டுவெல். சுந்தரனார் அவரைத் திட்டவும் இல்லை, நம் சாமியை இப்படிச் சொல்லலாமா என்று மேடை போட்டு அழவும் இல்லை. பழைய நூல்களையும் கல்வெட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, சம்பந்தரை ஏழாம் நூற்றாண்டுக்குப் பிறகு கொண்டுவர முடியாது என்று காட்டினார். பெரிய ஆள் சொன்னாலும் 'வளையம் வரவில்லை' என்றால் வரவில்லை. அவர் பெயரைச் சுமக்கிற பட்டம் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சண்டையைச் சொல்லிக்கொடுத்தோம்? அவர் எந்த வருஷம் பிறந்தார் என்று கேட்டோம். 1855. அதற்கு ஒரு மார்க்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: காலேஜ் தானாக எதையும் கற்றுக்கொடுக்காது. அதற்காக வேஸ்ட் என்று நீ சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "உனக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்கிற ஒரு வாத்தியார் அமைந்தால் அவர் பாடத்தில் பிள்ளை தேறிவிடும். மற்ற விஷயங்களுக்கு அங்கங்கே வேறு ஆள் வேண்டும். பேங்க் விஷயத்தில், வைத்திய விஷயத்தில், ஓட்டுப் போடுகிற விஷயத்தில் அவள் தனித்தனியாக மறுபடியும் பழக வேண்டியிருக்கும். நம் ரெண்டு பேரையே எடுத்துக்கொள். ஒரே பெஞ்ச், ஒரே வாத்தியார். நீ ஜாதகம் பார்க்காமல் காரை வெளியே எடுக்க மாட்டாய்!

பேத்தி கெமிஸ்ட்ரி எடுத்ததில் எனக்கு சந்தோஷம்தான். அவள் ரெக்கார்டு நோட்டை லீவுக்கு வரும்போது கொண்டு வரச் சொல். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதியதா என்று ரெண்டு பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவேன். காலேஜ் வாத்தியார்களுக்கு வகுப்புக்கு அறுபது பிள்ளை. தாத்தாவுக்கு ஒன்றுதானே? நீயும் சாப்பிடும்போது அவளிடம் ஏதாவது கேள். பதில் தெரிந்த கேள்வியாகக் கேட்காதே. பதிலுக்கு அவள் உன் ஜாதகத்தைப் பற்றிக் கேட்டால் கோபப்படவும் கூடாது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வருவதாகப் போன வருஷமும் சொன்னாய், வரவில்லை. இந்தத் தடவை மதினி காலை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் வர வேண்டாம். கூட்டம் கலைந்தபின் ஒரு கிழமை பார்த்து வாருங்கள். அகஸ்தியர் அருவியில் குளித்துவிட்டு, அம்பையில் சாப்பிட்டுவிட்டு வரலாம். கார் ஏற்பாடு என் பொறுப்பு. என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் முன்கூட்டி எழுது. போன் செய்தாலும் சரி, இந்த மடிப்பு ஓர எழுத்தை இன்னொரு தடவை படிக்க என் கண்ணுக்குத் தெம்பில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்