கார் வாரண்டி குறித்து மகளுக்கு

திருப்பூர்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள அம்மிணிக்கு,

கார் வாரண்டியைப் பணம் கட்டி நீட்டிக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், ஷிப்டு மாறுகிற நேரம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு விஷயத்தில் நின்ற நிலையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேற்று இரவு நம் நிட்டிங் யூனிட் கணக்கை முடித்த பிறகு, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் கார் கணக்கையும் எழுதிப் பார்த்தேன்.

உன் காரின் மூன்றாண்டு வாரண்டி அடுத்த மாதம் 18ஆம் தேதியோடு முடிகிறது என்றும், அதற்குள் 1,90,000 ரூபாய் கட்டினால் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்துத் தருவார்கள் என்றும் சொன்னாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 34,200 ரூபாயைச் சேர்த்தால் அது 2,24,200 ரூபாய்; மாதத்திற்கு 9,300 ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. பில்லை நம் யூனிட் பெயரில் போட்டு அந்த வரியை இன்புட்டில், அதாவது யூனிட் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில், கழித்துக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளை சொன்னார். வண்டி உன் பெயரில் இருப்பது ஒருபுறம் இருக்கட்டும். 13 பேர் வரை அமரும் வண்டிகளின் பழுது, பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றுக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யை நம்மைப் போன்ற தொழில் செய்கிறவர்கள் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே முழுத் தொகையும் கைப்பணம்தான்.

உன் தாத்தா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுக்க விட்டிருக்க மாட்டார். அவருடைய அம்பாசடர் எங்கே நின்றாலும், அவிநாசியிலோ அன்னூரிலோ ஒரு பட்டறைக்காரர் கார்புரேட்டரைக் கழற்றி ஊதிவிட்டு மாட்டுவார். தேய்ந்த சாமானைக் கோவையில் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிவிடலாம். பழுதுக்கு முன்பணம் கட்டி வைப்பது அவருக்கு, நோய் வருவதற்கு முன்பே வைத்தியருக்கு மொய் எழுதுவதைப் போலத் தோன்றியிருக்கும். அவருடைய வண்டிக்கு அது சரியான கணக்கு. உன் வண்டிக்கு அது பொருந்துமா என்று பார்த்தபோதுதான் நான் தடுமாறினேன். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனில் ஒரு பை மெல்லக் கசிந்தால், அதை ஈடுகட்ட காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் கெட்டுவிடுகிறது. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி கெட்டால் பெரும்பாலும் முழுப் பெட்டியையே மாற்றுகிறார்கள். மாற்றியதையும் கம்பெனியின் கம்ப்யூட்டரை வைத்து அந்த வண்டிக்கென்று பதிவு செய்தால்தான் வேலை செய்யும். டீசல் வண்டி என்பதால் புகையைச் சுத்திகரிக்கும் ஏற்பாடும் சேர்கிறது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிக்குப் பிறகு வந்தவற்றில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும், உன் வண்டியைப் போன்றவற்றில் புகையைச் சுத்தமாக்கச் செலுத்தும் யூரியாக் கரைசலான ஆட்ப்ளூவுக்குத் தொட்டியும், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார்களும் இருக்கின்றன. பெங்களூரு நெரிசலில் வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இடையே நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் வண்டியில் புகைக்குழாய் போதிய அளவு சூடேறாமல், கரி எரியாமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இவற்றில் எதையும் எந்த லேத்திலும் கடைய முடியாது.

இங்கே நம் யூனிட்டில் நடந்ததை நீ முழுவதாக அறிய மாட்டாய். அப்போது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். வெளிநாட்டிலிருந்து முதல் நிட்டிங் மிஷின் இறக்கியபோது, உன் அப்பா சொன்னதைக் கேளாமல் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திற்கு நான் கையெழுத்துப் போட்டேன். எட்டாவது மாதம், ஓர் இடி மழை இரவில் மின்சாரம் ஏறி இறங்கி மிஷினின் போர்டு எரிந்துவிட்டது. ஒப்பந்தம் இருக்கிறதே என்று நிம்மதியாகப் போன் செய்தேன். வந்தவர் தாளைப் பின்பக்கம் திருப்பி, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் சேதம் இதில் சேராது என்ற வரியைக் காட்டினார். அந்த வரி முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் படித்திருந்தேன். போர்டு வரும்வரை பதினேழு நாள் மிஷின் நின்றது. அன்றிலிருந்து எந்த ஒப்பந்தத்தையும் பின்பக்கத்திலிருந்து படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

உன் வாரண்டித் தாளின் பின்பக்கத்திலும் இப்படிப்பட்ட வரிகள் இருக்கும். பிரேக் பேட், டயர், வைப்பர், ரப்பர் புஷ் போன்று ஓட்ட ஓட்டத் தேய்பவை பொதுவாக இதில் சேருவதில்லை. ஆயிலும் ஃபில்டரும் சர்வீஸ் பேக்கேஜ் என்று தனியாக விற்கப்படுபவை. டீலர் கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால் நம்மவர்கள் பலர் ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். விபத்தும் வெள்ளமும் இன்சூரன்ஸ் பார்க்க வேண்டியவை. 2022 செப்டம்பரில் உங்கள் ஊரில் அவ்வளவு விலையுயர்ந்த கார்கள் தண்ணீரில் நின்றபோது எந்த வாரண்டியும் கைகொடுத்திருக்காது. இன்சூரன்ஸிலும், தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால், எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும். பொங்கலுக்கு நீ தோட்டத்து வீட்டில் வண்டியை நிறுத்தும்போது எலி ஒயரைக் கடித்தாலும் அப்படித்தான். வாரண்டியில் கேட்க முடியாது. (மயில் கண்ணாடியைக் கொத்துவதற்கு எவரிடமும் பரிகாரம் இல்லை, போர்வை போட்டு மூடி வை.)

இனி என் கணக்கு. இப்படி ஒப்பந்தம் விற்கிறவர்கள் நஷ்டத்திற்கு விற்பதில்லை. கட்டுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், கட்டிய பணத்தைவிடத் திரும்பிய பழுதுச் செலவு குறைவாகத்தான் இருக்கும். அதே பணத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்ந்து இரண்டு ஆண்டில் 2,57,000 ரூபாயைத் தாண்டும். கையில் பத்து லட்சம் சும்மா கிடக்கிறவளுக்கு நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். நீ அப்படி இல்லை, கண்ணு. வீட்டுக் கடன் ஒருபக்கம், கிளினிக்குக்கு வாங்கிய நாற்காலிகளின் தவணை ஒருபக்கம் இருக்கும்போது, ஒரே மாதத்தில் மூன்று லட்சத்துக்குப் பில் வந்தால் சீட்டைத் தள்ளி எடுப்பாய். இல்லையென்றால் கார்டில் தேய்த்துவிட்டு மாதத்திற்கு மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுவாய். இன்னும் இரண்டு ஆண்டு இந்த வண்டியையே வைத்திருக்கப் போவதாகவும் சொன்னாய். அதனால் வாங்கிவிடு என்பதுதான் என் முடிவு. ஆறு மாதத்தில் விற்கிற எண்ணம் மாப்பிள்ளைக்கு இருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடச் சொல். அப்போது கணக்கு மாறும்.

கார் கம்பெனியே கொடுக்கும் வாரண்டியாக இருந்தால் மட்டும் வாங்கு. குறைந்த விலைக்கு வெளியார் தருவதில் ஒரு பழுதுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்திருப்பார்கள். பெரிய பழுதுக்காகத்தானே வாங்குகிறோம். காற்றுப் பை, கியர்பாக்ஸ் எலக்ட்ரானிக் பெட்டி, நாக்ஸ் சென்சார், ஹெட்லைட், நடுவிலுள்ள திரை ஆகியவை சேருமா என்று பெயர் சொல்லி மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வை. வண்டியை விற்றால் வாங்குகிறவர் பெயருக்கு மாறுமா, விபத்தில் வண்டியே போய்விட்டால் மீதிக் காலத்துப் பணம் திரும்புமா என்பதையும் அதிலேயே கேள். மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் கடைவீதியில் ஒயரை வெட்டி மாட்டிய டேஷ் கேமராவைக் காரணம் காட்டி நாளைக்கு எலக்ட்ரிக்கல் பழுதைத் தள்ளிவிடலாம். அதை முறைப்படி மாற்றச் சொல்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, 18ஆம் தேதிக்குள் வண்டியை ஒரு நாள் சர்வீஸ் சென்டரில் விட்டு முழுவதும் பரிசோதிக்கச் சொல். காலையில் முதல் கியரில் உதறுகிறது, சன்ரூஃப் பக்கம் சத்தம் வருகிறது என்றாயே, இரண்டையும் வாயால் சொல்லிவிட்டு வராமல், ஜாப் கார்டு என்று அவர்கள் வேலையைக் குறிக்கும் தாளில் எழுத வை. பழைய வாரண்டி இருக்கும்போதே பதிவான குறை என்றால் அவர்கள் செலவில் பார்த்துத் தர வேண்டும். தேதி தாண்டி எழுதினால், முன்பே இருந்த பழுது என்று புதிய வாரண்டியிலும் தள்ளுவார்கள். வாரண்டி இருக்கிறது என்ற தைரியத்தில் எஞ்சின் சூட்டு விளக்கு எரிந்த பிறகும் வீடுவரை ஓட்டி வராதே. வாட்டர் பம்ப் போனது அவர்கள் செலவாக இருக்கலாம். அதற்குப் பிறகும் ஓட்டியதால் எஞ்சின் போனால் அதை உன் தலையில்தான் கட்டுவார்கள்.

பணம் குறைந்தால் அப்பாவிடம் கேட்காதே. யூனிட் கணக்கிலிருந்து நான் 1,00,000 அனுப்புகிறேன், தை மாதம் திருப்பிக் கொடு. ஒப்பந்தத் தாள் வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. பின்பக்கம் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா