ஓடுகிற இன்சூரன்ஸ் யார் பெயரில் ஓடுகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கொஞ்ச நாளாக வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கத்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் நம் பழைய கார் விற்கும் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "இன்சூரன்ஸ் இருக்குன்னு சொல்லித்தான் வண்டியை வித்தாங்க, இடிச்ச பிறகு க்ளெய்ம் கிடையாதுன்னுட்டாங்க" என்பது அதன் சாரம். உங்களில் பலர் அதை அப்படியே எங்களுக்கு அனுப்பி, "இது உண்மையா?" என்று நேராகக் கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. கேட்காமல் மனசிலேயே வைத்துக்கொண்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

வண்டி நாங்கள் விற்றதுதான். விற்ற அன்று அதற்கு ஃபுல் இன்சூரன்ஸ் இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்ததும் உண்மை. ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டது. ஆனால் பாலிசி பழைய ஓனர் பெயரிலேயே நின்றுவிட்டது. மாற்றுவதற்குக் கட்ட வேண்டிய தொகையைச் சொன்னபோது, "ரெனியூவல் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டார்கள். இடையில் வண்டி இடித்தது. இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மைத் திருப்பி அனுப்பியது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை இருக்கிறது என்று சொல்லி விற்றோம் என்பது மட்டும் எங்களால் ஏற்க முடியாத பேச்சு. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. வண்டியை வாங்கியவருக்கு இல்லை. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் பாலிசி என்று நாம் ஒரே தாளாகப் பார்ப்பதில் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று தேர்ட் பார்ட்டி: நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் உயிர்ச்சேதம், காயம், பொருள் நஷ்டம். இன்னொன்று நம் வண்டிக்கே வரும் சேதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு, வண்டி கைமாறும்போது பாலிசியும் கூடவே கைமாறியதாகக் கருத வேண்டும் என்கிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் "சட்டமே அப்படிச் சொல்கிறதே" என்று பலர் வாதாடுகிறார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பு தேர்ட் பார்ட்டிக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. சொந்த வண்டிச் சேதம் என்பது கம்பெனிக்கும் பழைய ஓனருக்கும் நடுவே உள்ள தனி ஒப்பந்தம். புது ஓனர் விண்ணப்பித்து, கம்பெனி ஒப்புக்கொண்டு, பெயர் மாற்றி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த மாற்றத்தைக் காட்டும் தாள்) கொடுத்தால்தான் அது அவருக்கு வரும். வண்டி கைமாறிய தேதியிலிருந்து 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

இதில் ஏமாறுவதற்கு இன்னொரு காரணம், அரசின் எம்-பரிவாகன் செயலி. வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று காட்டிவிடும். போக்குவரத்துப் போலீசாரும் அந்தத் தேதியைத்தான் பார்ப்பார்கள். பாலிசி யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தாளை எடுத்து, முதல் பக்கத்தில் இன்சூரன்ஸ்தாரர் பெயர் என்ற வரியில்தான் பார்க்க வேண்டும்.

"ஓடுகிற இன்சூரன்ஸுக்கு எதற்கு மறுபடியும் பணம்?" என்ற கேள்விக்கு வருவோம். அந்தப் பணம் எங்களுக்கு வருவதில்லை. அது என்.சி.பி. (நோ க்ளெய்ம் போனஸ்) வித்தியாசம். க்ளெய்ம் வாங்காமல் ஓட்டிய வருடங்களுக்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த தள்ளுபடி அது: முதல் வருடத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50. அந்தத் தள்ளுபடி ஆளுக்கு உரியது, வண்டிக்கு உரியதல்ல. அவர் வண்டியை விற்றதும் தள்ளுபடியை அவரோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். நீங்கள் மீதி மாதங்களுக்கு அதைக் கட்டியாக வேண்டும். உதாரணமாக, சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 12,000 ரூபாய், என்.சி.பி. 45 சதவீதம் என்றால் அவர் மிச்சப்படுத்தியது 5,400. ஏழு மாதம் பாக்கி இருந்தால் உங்கள் பங்கு 3,150. 18 சதவீத ஜி.எஸ்.டி. 567; ஆக 3,717 ரூபாய். கூடவே பெயர் மாற்ற ஒரு சிறு கட்டணம். இந்த மூவாயிரத்துச் சொச்சத்தைத் தள்ளிப் போட்டதில்தான் ஒரு கதவும் ஒரு ஃபெண்டரும் கைக்காசில் மாற்ற வேண்டியதாகிவிட்டது. எங்களுக்கும் அது வருத்தம்தான்.

கேட்கும் தாள்கள் அதிகம் இல்லை. புது ஆர்.சி. நகல்; அது கைக்கு வரவில்லை என்றால் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 நகலும் விண்ணப்ப ரசீதும் போதும் என்று பல கம்பெனிகள் ஏற்றுக்கொள்கின்றன. பழைய பாலிசி, விற்றவரின் சம்மதக் கடிதம், உங்கள் கையெழுத்திட்ட புரொபோசல் படிவம். ஓனர் ஓட்டும்போது நேரும் உயிரிழப்புக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும் பெயர் மாற்றத்தில் கூடவே வராது. அது உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டியது. இதை மறந்துவிடுபவர்கள் ரொம்பப் பேர்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறோம். இவ்வளவையும் டெலிவரி அன்று வாயால் சொன்னோம், எழுதிக் கொடுக்கவில்லை. சாவி கைக்கு வரும் நேரத்தில், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கடியில் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு நிற்பவரிடம் 14 நாள் கணக்கைச் சொன்னால் யார் காதில் விழும்? அது எங்கள் தப்பு. இனி பாலிசிப் பெயர் மாற்ற விண்ணப்பம் போடாமல் எந்த வண்டிக்கும் டெலிவரி கிடையாது. "வேண்டாம், பழைய பாலிசியை ரத்து செய்து புதிதாகவே எடுத்துக்கொள்கிறேன்" என்றாலும் சரி, அதையும் அன்றே முடித்துத்தான் வண்டி வெளியே போகும்.

வண்டியை எங்களிடம் விற்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உங்கள் என்.சி.பி.யை விட்டுவிடாதீர்கள். வண்டி விற்ற ஆதாரத்தைக் கொடுத்து கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் வாங்கிவைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்கும். விற்காமல் வைத்திருக்கும் வண்டி என்றால், பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது போய்விடும். ஆர்.சி. மாறும் வரை பின்னாலேயே நின்று கேளுங்கள், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. லோன் முடிந்த வண்டி என்றால் பேங்க் என்.ஓ.சி.யோடு, ஆர்.சி.யிலிருந்து லோன் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும்.

எங்களிடமே வாங்குங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கே செகண்ட் ஹேண்ட் வண்டி பார்த்தாலும் பழைய பாலிசியைக் கேட்டு வாங்கி என்.சி.பி. வரியைப் பாருங்கள். நாலு வருட வண்டிக்கு என்.சி.பி. பூஜ்யம் என்றால் போன வருடம் க்ளெய்ம் போயிருக்கிறது, இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் நடுவில் விட்டுப்போயிருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் வண்டி சமீபத்தில் கைமாறியிருக்கிறது. எது என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பானெட் கீல் போல்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் பானெட்டைக் கழற்றி டிங்கரிங் செய்திருக்கலாம்.

சென்னையில் மிக முக்கியமானது வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நம் ஏரியாவிலேயே எத்தனை கார்கள் மூழ்கின என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சீட்டுக்கு வாட்டர் வாஷ் செய்து, வாசனை போட்டு மறைத்துவிடலாம். சீட் பெல்ட்டை மறைக்க முடியாது. கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் எப்போதும் மடங்கியிருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில் காய்ந்த சேற்றின் கோடு தெரியும், மூக்கருகில் வைத்தால் பாசி நாற்றம் அடிக்கும். அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா, சீட்டு ரெயில் திருகாணிகள் பழுப்பேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். வயரிங் கோளாறு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும்.

வெள்ளம் என்றதும் எஞ்சின் விஷயம். ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் எல்லாம் அடங்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதை விளைவாக வந்த சேதம் என்று சொல்லிச் சாதாரண பாலிசியில் கழித்துவிடுவார்கள். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு தனியாக எடுத்திருக்க வேண்டும். அதை எடுத்திருந்தாலும் தண்ணீர் வடிந்த பிறகு சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரியும்படி போட்டோ எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, வண்டியைத் தூக்கி ஏற்றும் டோ வண்டியில் அனுப்புங்கள். 2024 அக்டோபர் மழைக்கு முன்னால் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களைச் சிலர் குறை சொன்னார்கள். எங்களைக் கேட்டால் அவர்கள் பட்டபாட்டிலிருந்து கற்றவர்கள்.

ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுக்கும் கூடுதல் காப்பு) பற்றியும் ஒரு வார்த்தை. அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் பாதி விலைதான் கிடைக்கும். 8,000 ரூபாய் பம்பர் என்றால் 4,000 உங்கள் கையிலிருந்து. கூடவே ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை.

சர்வீஸ் சென்டரில் வண்டி நிற்கும் நாட்களுக்கு வேறு வண்டி வாடகைக்குக் கேட்கிறீர்கள். நீங்களே ஓட்டும் வாடகைக் காருக்குக் கருப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு எடுத்து இடித்தால், வாடகைக்கு விட்ட வண்டி என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அந்தப் பாலிசியில் சேதத்துக்குக் கொடுக்க மறுத்துவிடலாம். அதனால் அவசரத்துக்கு நாங்கள் இதுவரை ஏற்பாடு செய்து தந்த வண்டிகள் இனிக் கிடையாது. கருப்பு பிளேட் வண்டி எடுக்கும்போது சாவி வாங்கும் முன்பே சுற்றி வீடியோ எடுங்கள். வீல் ரிம், பம்பரின் அடிப்பக்கம், முன்கண்ணாடி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் வர வேண்டும். டயருக்கும் அடிப்பாகத்துக்கும் யார் பொறுப்பு, ஃபாஸ்டேக் யார் கணக்கு, பின்னால் வரும் இ-சலான் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2025 ஜனவரியிலிருந்து எல்லாப் பழைய கார்களுக்கும் எங்கள் லாபத் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; சின்ன கார்களுக்கு முன்பு 12 ஆக இருந்தது. வண்டியின் முழு விலைக்கும் வரி என்று நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். அதே வருடம் செப்டம்பர் 22 முதல் புதுச் சின்ன கார்களுக்கு வரி 28-இலிருந்து 18-ஆகக் குறைந்ததும் எங்கள் கையிருப்பு வண்டிகளின் விலையையும் இறக்க வேண்டியதாயிற்று. ஆர்.டி.ஓ. வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்; அவர் இடத்துக்கு ஆள் வரும் வரை ஆர்.சி. வேலை ஒரு வாரம் பத்து நாள் தாமதமாகலாம், ஆவண வேலைக் கட்டணமும் 2,500-இலிருந்து 3,500 ரூபாய் ஆகிறது.

இந்தச் செய்தி சுற்றியபோதும் "அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்று குழுவிலேயே எழுதியவர்களை நாங்கள் மறக்க மாட்டோம். அப்பா வாங்கிய கடையில் மகளுக்கும் வண்டி பார்க்க வந்த குடும்பங்கள் உங்களில் இருக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

போன ஒரு வருடத்தில் எங்களிடம் ஓடுகிற இன்சூரன்ஸோடு வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் இன்றைக்கே பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பெயர் உங்களுடையது இல்லை என்றால் ஆர்.சி., பாலிசி, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் கடைக்கு வாருங்கள். இவர்களுக்கு ஆவணக் கட்டணம் வாங்க மாட்டோம். கம்பெனிக்குக் கட்ட வேண்டியது மட்டும்தான். 14 நாள் தாண்டியிருந்தாலும் வாருங்கள், வண்டியை வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பெயர் மாற்றித் தரும் கம்பெனிகளும் உண்டு. ஆர்.சி.யிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்தால் இரண்டு முறை அலைய வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமையாளரும் கடை ஊழியர்களும்,
வேளச்சேரி, சென்னை.