செண்டுடோக்கில் ஒரு கருவண்டு

ஆயர் ஈத்தாம், பினாங்கு.

அன்புள்ள கோமதி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கு எல்லாரும் நலம். அண்ணிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று சரசு சொன்னாள், நிம்மதியாக இருந்தது.

நேற்றுக் காலை எங்கள் பின்வேலியில் நிற்கும் செண்டுடோக் என்ற காட்டுப் புதர்ச்செடியின் பூவில் முதன்முதலாக ஒரு கருவண்டு வந்து உட்கார்ந்தது. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லயத்துக்குப் பின்னால் பழம் பறித்துத் தின்று, நாக்குக் கறுத்துப்போய் உன் அம்மாவிடம் அகப்பட்டோமே, அதே செடிதான். அந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் நுனியில் சிறு துளையுள்ள பைகளுக்குள் இருப்பதால், வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரச் செய்தால்தான் வெளியே உதிரும். அந்த ரீங்காரத்தைக் கேட்டபடி நான் நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டுவதற்காகப் பின்பக்கச் சரிவை மழித்தபோது, புதரோடு பூச்சிகளும் போய்விட்டன. பிறகு வரிசையாகக் காகிதப்பூவை நட்டுப் பசுமை திரும்பிவிட்டது என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டாம்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கலாம், ஆனால் அதன் புழுவுக்குக் குறிப்பிட்ட சில செடிகளின் இலைதான் உணவு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த காகிதப்பூவில் இத்தனை ஆண்டுகளில் ஒரு பட்டாம்பூச்சி முட்டையிட்டு நான் பார்த்ததில்லை. நீ விளக்குமாற்றோடு விரட்டும் கறிவேப்பிலைப் புழுக்கள் வளர்ந்தால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சிகள் ஆகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி நாலு கொத்தாவது அவற்றுக்கு விட்டுவை.

உன் மகன் படிக்கும் ஜெர்மனியில், 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து எடைபோட்டுப் பார்த்தபோது, 27 ஆண்டுகளில் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது 2017இல் தெரியவந்தது. காப்பகங்களிலேயே அந்த நிலை என்றால், 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த நம் பினாங்கு மலையையும் அறிவிப்பு மட்டும் காத்துவிடாது. அடிவாரத்து வீடுகளின் வேலியோரங்களிலும் புதர் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் செண்டுடோக்கோடு, இந்த மண்ணுக்கே உரிய சிம்போ ஆயர் செடியும் ஒரு தெம்புசு மரக்கன்றும் வைத்தேன். பட்டுப்போன ரம்புத்தானின் அடிமரத்தையும் அவர் வெட்ட விடாமல் தடுத்துவிட்டேன், ஏனென்றால் கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்துத்தான் கூடு அமைக்கும்.

அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டார் செடி கேட்கிறார்கள், என்னிடம் விதை போதவில்லை. ரவாங்கில் உன் அண்ணன் நிலத்து ஓடையோரம் செண்டுடோக் இன்னும் இருக்கிறதா? வெடித்த பழங்களாகப் பார்த்து ஒரு டப்பாவில் போட்டுத் தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. மழை விடுவதற்குள் ஊன்றிவிட வேண்டும்.

அன்புடன்,
தேவகி