குளிர்ந்த என்ஜினைப் பார்

வெள்ளவத்தை
ஞாயிறு காலை

அன்புள்ள மகள்,

நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். குரல் பதிவை நான் பிறகு தனியே இருந்து நாலைந்து தரம் கேட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு உன் குரல் முழுதாக இரண்டு நிமிடம் கிடைத்திருக்கிறது. அது நீ வாங்க நினைக்கும் பழைய காரின் கதையாகவே இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். என் பஞ்சிகாவத்தை டீசல் பம்ப் கடையில் பள்ளிக்கூட உடுப்போடு வாங்கில் இருந்து, எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று சத்தத்தை வைத்தே சொன்ன பிள்ளை நீ. அந்தப் பிள்ளை இந்த வயதிலும் "எடுக்கலாமா, நீங்கள் சொல்லுங்கோ அப்பா" என்று என்னைக் கேட்கிறது. வேறு என்ன வேண்டும் எனக்கு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் அம்மா பக்கத்தில் இருப்பா. கீழ் வீட்டுப் பிள்ளை புதன்கிழமை லண்டன் போகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. மற்றதெல்லாம் வழமை.

முதலில் கார். பிஎம்டபிள்யூ 335டி, நல்ல டீசல் என்ஜின், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூன்று லீட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, இரண்டு டர்போ. சின்னது முதலில் ஊதும், வேகம் ஏற ஏறப் பெரியது சேரும். 286 குதிரைவலு, 580 நியூட்டன் மீட்டர் இழுவை. நாங்கள் காலமெல்லாம் பம்ப் கழற்றிப் பூட்டிய டொல்பின் வான்கள் இதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாது. ஆனால் அந்த வானில் டீசலைப் பீய்ச்சும் நாசிலை நான் கையால் அடிக்கும் டெஸ்டரில் வைத்து 120 பார் அளவில் திறக்கவைத்தால் வேலை முடிந்தது. இதில் 1,600 பார் அளவு அமுக்கம். ஒரு இன்ஜெக்டர் தேய்ந்தாலும் செலவு பெரிது, நீ அதை ரோட்டோரம் கழற்றிப் பார்க்க முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், குளிர்ந்த என்ஜினைப் பார். விற்கிறவன் நீ வருமுன் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருப்பான். "இப்பதான் கடைக்குப் போய் வந்தேன்" என்பான். பொனெட்டில் கையை வை. சுட்டால் திரும்பி வந்துவிடு, அடுத்த நாள் விடியப் போ. குளிரில் ஒரே பிடியில் பற்றுகிறதா, வெள்ளையாகப் புகைக்கிறதா, முதல் அரை நிமிடத்தில் தட்டுகிறதா, அதில்தான் உண்மை இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் மூடியைத் திறந்து பார், குப் குப் என்று ஊதினால் வேண்டாம். பிறகு, டீசல் பம்ப் வேலை தெரிந்த ஒருவனைப் பிடித்து ஆறு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை ஆறு போத்தலில் பிடிக்கச் சொல்லு. ஒரு போத்தல் மட்டும் முந்தி நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் முடிந்தது. இந்த வேலையை நீ கண்ணால் கண்டிருக்கிறாய், உனக்கு விளங்கும்.

படத்தில் நம்பர் பிளேட் தெரிந்தது. அங்கத்தைய அரசாங்க இணையத்தளத்தில் நானே போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் எம்ஓடி என்ற வாகனப் பரிசோதனையில் எத்தனை மைல் காட்டியது, எதில் பிழை விட்டது என்று காசில்லாமல் காட்டுகிறது. மீட்டரைச் சுற்றவில்லை, அது நல்லது. ஆனால் கடைசி ஐந்து வருடமும் இந்தக் கார் வருடம் 2,000 மைலைத் தாண்டவில்லை. பெற்றோல் கார் என்றால் குறைய ஓடியது என்று சந்தோஷப்படலாம். டீசலுக்கு அப்படியில்லை. புகைக்குழாயில் இருக்கும் டிபிஎஃப் வடி கரியைப் பிடித்து வைத்து, 600 பாகை அளவு சூடு வந்தால்தான் எரிக்கும். அதற்கு இடைவிடாத ஓட்டம் வேண்டும். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வந்த கார் என்றால் அது அடைபட்டிருக்கும், அல்லது யாரோ உள்ளே இருந்ததை உடைத்தெடுத்துவிட்டு வெளியே ஒட்டியிருப்பான். 2014 மாசியிலிருந்து டிபிஎஃப்பைக் கழற்றிய வண்டிக்கு எம்ஓடி கிடையாது, அதனால்தான் வெளிக்கூட்டை அப்படியே வைத்து ஒட்டுவார்கள். ஒட்டின தடம் இருக்கிறதா பார். புகைக்குழாய் வாய்க்குள் விரலை விட்டுத் தடவு. டிபிஎஃப் உயிரோடு இருந்தால் விரல் அவ்வளவு கறுக்காது. தெர்மோஸ்டாட்டையும் கேள். அது பழுதாகி என்ஜின் சூடேறாவிட்டால் நீ எவ்வளவு தூரம் ஓடினாலும் கரி எரியாது.

கிராங்க் புல்லியின் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லு. கியர்பெட்டி ஒயில் ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று விற்கிறவன் சொன்னால் நம்பாதே. ஃபினான்ஸ் கடன் தீர்ந்ததா என்று எழுத்தில் வாங்கு. ஆனால் எல்லாவற்றுக்கும் முதல், குளிர்ந்த என்ஜின்.

விலை உனக்கு மலிவாகத் தெரியும், எனக்கும் தெரிந்தது. இங்கே 2020 இல் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 மாசியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய கார்களைப் பொன் விலைக்கு விற்றார்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் 5,500 பவுண் ஒன்றுமில்லை. ஆனால் 2009 ஆம் ஆண்டு டீசல், யூரோ 6 என்ற புகைத் தரத்துக்கு வராது. டூட்டிங் அண்ணா தன் காரை ஏன் விற்றான் என்று உனக்குத் தெரியும்தானே? 2023 ஆவணியிலிருந்து இப்படியான பழைய டீசலுக்கு லண்டன் முழுக்க யூலெஸ் என்ற புகைக் கட்டணம், நாளுக்கு 12.50 பவுண். உங்கள் வீடு இருக்கும் ஹரோவும் அதற்குள்தான். கிழமைக்கு ஐந்து நாள் எடுத்தாலும் வருடம் 3,250 பவுண். இரண்டு வருடத்தில் காரின் விலையே போய்விடும். இதை நான் தாளில் கணக்குப் போட்டு அம்மாவுக்கும் காட்டினேன்.

பிறகு உன் பதிவைத் திரும்பக் கேட்டேன். "யூலெஸ் எனக்கு வராது அப்பா, நான் லண்டனுக்குள்ள ஓடப்போறதில்லை. வேலைக்கு நாப்பது மைல், முழுக்க மோட்டர்வே."

ஹரோவிலிருந்து நீ ரயிலில் அல்லவா வேலைக்குப் போய் வந்தாய்.

படத்தில் இரண்டு கதவுதான் இருக்கிறது. அம்மா முழங்காலோடு பின்சீட்டுக்கு ஏறமாட்டா என்று சொல்லத்தான் வாய் வந்தது. நீ அதற்கும் பதில் வைத்திருந்தாய். "நான் மட்டும்தானே அப்பா." அம்மா அதைக் கவனிக்கவில்லை. போன முறை நீ வந்தபோது கழுத்தில் தாலிக்கொடி இல்லாததையும் அம்மா பெரிதாக எடுக்கவில்லை. லொக்கரில் இருக்கிறது என்று நீ சொன்னதை நம்பினா. நான் நம்பவில்லை. கேட்கவும் இல்லை.

சின்ன மாமாவின் டொல்பின் வான் உனக்கு ஞாபகம் இருக்கும். கடுகண்ணாவை ஏற்றத்தில் என்ஜின் இறுகி நின்றது. தண்ணி பார்க்காமல் ஓடினார் என்று இன்றைக்கும் வீட்டில் சொல்லுவார்கள், மாமாவும் அதை மறுத்ததில்லை. வானுக்கு எடுத்த கடனை அடைக்கத்தான் அவர் கட்டாருக்குப் போய் ஒன்பது வருடம் லொறி ஓடினார். பிள்ளை, அந்த வான் மாமாவிடம் வருமுன் என் கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் எனக்கு மாதம் நாலு வேலை தருகிற புரோக்கர். ஒரு சிலிண்டரில் கம்பிரஷன் குறைவு, கறுப்பாகப் புகைத்தது. பம்பின் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பி டீசலைக் குறைத்தேன், புகை நின்றது. தடித்த ஒயில் ஊற்றச் சொன்னேன், தட்டும் சத்தமும் அடங்கியது. வாங்கப்போவது யார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த கிழமை மாமா அதே வானோடு கடை வாசலில் வந்து நின்று, "அத்தான், ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்றபோது தெரியும். "நல்ல வண்டி, எடு" என்று சொன்னேன். புரோக்கரின் வேலை போய்விடும் என்று பயந்தேன். செய்ததைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, அம்மாவுக்கும் இல்லை.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். நான் எழுத வந்தது இதையும் அல்ல.

2013 சித்திரையில், கலியாணக் காட் கொடுத்து முடிந்து, பம்பலப்பிட்டி மண்டபத்துக்கு அட்வான்சும் கட்டிய பிறகு, லண்டனிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. முந்தி என்னிடம் வேலை செய்வித்த ஆள், பொய் சொல்கிற ஆளல்ல. மாப்பிள்ளைக்குச் சூதாட்டப் பழக்கம் இருக்கிறது, கசினோவில் பெரிய கடன், அதனால்தான் முதல் ஒரு நிச்சயம் குழம்பியது, பிள்ளையைக் கேட்டுச் செய்யுங்கோ என்றார். நான் நன்றி சொல்லிப் போனை வைத்தேன். அன்று பின்னேரம் நீ குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு, "அப்பா, நல்லா விசாரிச்சனீங்கள்தானே?" என்று கேட்டாய். எனக்கு அந்த இடமும் உன் முகமும் அப்படியே இருக்கிறது. "எல்லாம் விசாரிச்சாச்சு" என்றேன்.

உனக்கு 27 வயது என்று ஊர் கதைத்ததும், காட் கொடுத்ததும், மாப்பிள்ளையின் படிப்பும் சேர்ந்து என் வாயை அடைத்தன. கலியாணம் முடிந்தால் திருந்துவான் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் நீ என்னைக் கேட்டாய், நான் உனக்குப் பொய் சொன்னேன். 2022 இல் நாங்கள் எரிபொருள் வரிசையில் நின்றபோது நீ மாதம் தவறாமல் காசு அனுப்பினாய். அது எந்தக் கஷ்டத்துக்குள்ளிருந்து வந்தது என்று அப்போது எனக்கு ஓரளவு விளங்கியது. அப்போதும் கேட்கவில்லை. கேட்டால் நான் மறைத்ததையும் சொல்லவேண்டி வரும் என்று பயம். உன் பயத்துக்காக நீ பேசாமல் இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். என் பயத்துக்காகவும்தான் நான் உன்னைப் பேசவிடவில்லை.

நீ இப்போது எங்கே இருக்கிறாய், தனியாகவா, என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. சொல்ல விருப்பம் வந்தால் சொல்லு. எங்களை நினைத்து, சனத்தை நினைத்து எதையும் மறைக்கத் தேவையில்லை. அம்மாவிடம் அந்தப் போன் விஷயத்தை இந்தக் கிழமை நானே சொல்லப்போகிறேன், அது உன் தலையில் இருக்கக்கூடாது. நீ என்னோடு கோபப்பட்டால் அதற்கு எனக்குப் பதில் இல்லை.

நாற்பது மைல் மோட்டர்வே என்றால் இந்தக் கார் உனக்குச் சரி. ஓடத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். என்ஜின் நன்றாக இருந்தால் எடு. கடனுக்கு மட்டும் எடுக்காதே. என் நிரந்தர வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது, பாதியையாவது அனுப்புகிறேன், மறுக்காதே. தனியே இரவில் ஓடினால் ரயரையும் பிரேக்கையும் முதலில் மாற்று.

அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறா. பொதியின் மேல் ஹரோ விலாசத்தை எழுதப் போனா, பேனா எழுதவில்லை என்று சொல்லி நான் வாங்கி வைத்துவிட்டேன். கீழ் வீட்டுப் பிள்ளை வெள்ளிக்கிழமை உனக்குப் போன் எடுப்பாள். எந்த விலாசத்துக்குக் கொண்டுவருவது என்று அவளிடம் சொல்லு.

விடியக் காரைப் பார்க்கப் போகும்போது, ஸ்டார்ட் பண்ணுகிற சத்தத்தை முதலிலிருந்து பதிந்து எனக்கு அனுப்பு. பொனெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதி.

அன்புடன்
அப்பா